‘பி.ஏ. வரலாறு படிச்சு என்ன பண்ணப் போறா?’

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். கணிதம், கணினி அறிவியல் பிரிவில் நல்ல மார்க். எல்லோரும் இன்ஜினீயரிங் சேர்க்கச் சொல்கிறார்கள். அவளோ பி.ஏ. வரலாறுதான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். நன்றாக எழுதுவாள், கட்டுரைப் போட்டிகளில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாள். ஆனால் கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் இப்போது ஏஐயே எழுதிவிடுகிறதே, எழுதத் தெரிந்து என்ன பயன்? ‘பி.ஏ. வரலாறு படிச்சு என்ன பண்ணப் போறா?’ என்று என் மைத்துனர் கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் மைத்துனர் கேட்டதில் தப்பே இல்லை. கடை வருமானத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில் வேலையையும் சம்பளத்தையும் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? அதனால் காசுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

நல்ல பொறியியல் கல்லூரியில் ஒழுங்காகப் படித்தால், படிப்பு முடிவதற்குள் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பி.ஏ. வரலாற்றுக்கு அப்படி நடப்பது அபூர்வம். பி.ஏ.வோடு நிறுத்திவிட்டால் முதல் சம்பளம் வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆகவே இதை மூன்று வருடப் படிப்பு என்று நினைக்காதீர்கள். அதற்கு மேல் எம்.ஏ.வோ, மூன்று வருட சட்டப் படிப்போ, பி.எட்.டோ, போட்டித் தேர்வோ ஏதாவது ஒன்று வரும். மொத்தம் ஐந்தாறு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மகளின் சம்பளத்தை எதிர்பார்க்காமல் வீடு ஓடுமா என்று நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

உங்கள் மைத்துனர் பக்கத்துக்கு நானே ஒரு வாதம் எடுத்துத் தருகிறேன். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021இலிருந்து இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். உங்கள் மகளுக்கு இது கிடைக்கக்கூடும். இப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவள் வரலாறுதான் வேண்டும் என்றால், அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். தெரியாமல் எடுத்தது என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜினீயர்கள் எழுதித் தருவதை வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி மாற்றுவதும், அந்த வேலைக்கு ஆள் எடுப்பதும்தான் என் பிழைப்பு. எழுத்துக்கு நான் பரிந்து பேசுவதில் சுயநலம் இல்லாமல் இல்லை. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எழுதத் தெரிவதால் என்ன பயன் என்கிறீர்கள். அது தெரியாமல் போனதால் என்ன ஆகும் என்பதற்கு, நான் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் அதில் இருந்தார்கள். கிளம்பி 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. பெரிய ஆபத்தா இல்லையா? கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே ஒரு பொறியாளர் குழு ஆராய்ந்து, பவர்பாயின்ட் பக்கங்களாக நாசா அதிகாரிகளிடம் கொடுத்தது.

அதில் ஒரு பக்கத்தின் தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகளைப் பார்த்தவரை நிலைமை பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறது என்ற எண்ணம் வரும். அதற்குக் கீழே புள்ளி வைத்த வரிகள், அவற்றுக்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில் உள்வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், பக்கம் முடிகிற இடத்தில் உண்மையான சேதி இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதாக அவர்கள் கணித்தது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. அப்படியென்றால் தலைப்பில் சொன்ன சோதனைத் தரவுகளை வைத்து இந்த மோதலைப் பற்றி எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியம்தான் தலைப்பாக வந்திருக்க வேண்டும். அது கடைசி வரியில், அதுவும் பாதி வாக்கியமாகக் கிடந்தது.

பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்தப் பக்கம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை; அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விபத்தை ஆராய்ந்த குழு இந்தப் பக்கத்தைத் தன் அறிக்கையில் தனியாகவே எடுத்துப் பேசியது. இதைப் படிக்கும் உயர் அதிகாரிக்கு இது உயிர் போகிற விஷயம் என்றே தோன்றாமல் போயிருக்கலாம் என்று எழுதியது. அதை எழுதிய பொறியாளர்களுக்குக் கணக்கு தெரியும், இயற்பியல் தெரியும். 3, 1,920 என்ற எண்களைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். கண்டுபிடித்ததில் எது முக்கியம், அதை யாரிடம் சொல்கிறோம், அவர் முதலில் எதைப் படிப்பார் என்று யோசித்துத் தீர்மானிப்பது தனி வேலை. நல்ல எழுத்து என்று நான் சொல்வது அதைத்தான். கட்டுரைப் போட்டிக்கு எழுதும் அலங்கார நடை வேறு. உங்கள் மகள் அதில் பரிசு வாங்கியது சந்தோஷம், ஆனால் பழக வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

சரி, ஏஐ.

என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு சின்னத் தேர்வு வைப்பேன். வாடிக்கையாளர் ஒருவர் கோபமாக எழுதிய மின்னஞ்சல் ஒன்றைக் கொடுப்பேன்: ‘சனிக்கிழமை போட்ட பில்களில் வரி இரண்டு தடவை ஏறியிருக்கிறது. எந்தெந்த பில்? நான் திரும்பக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா?’ கூடவே, எங்கள் ஆட்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்ட இரண்டு பக்க உரையாடல். இவற்றைப் படித்துவிட்டு 150 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். ஏஐயைப் பயன்படுத்தத் தடையில்லை.

வருகிற பதில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. பிழையில்லாத ஆங்கிலம், மூன்று இடத்தில் மன்னிப்பு, பொறுமைக்கு நன்றி, உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம். எந்தெந்த பில் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. சிலவற்றில் இருக்கும்: காலை 11 மணிக்கு மேல் போட்ட பில்கள் என்று உறுதியாக எழுதியிருக்கும். சிக்கலே அங்கேதான். அந்த உரையாடலில் ஒருவர் 11 மணி என்கிறார், பத்து வரி தள்ளி இன்னொருவர் 2 மணி என்கிறார். அதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன். எப்போதாவது ஒருவர் பதில் எழுதுவதற்கு முன் என்னிடம் வந்து, ‘இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்கிறார்கள், எது சரி?’ என்று கேட்பார். அவரை எடுத்துக்கொள்வேன். கடைசியாக அப்படிக் கேட்டது பி.ஏ. பொருளாதாரம் படித்த ஒரு பெண். அதற்கு முன் கேட்டவர் மெக்கானிக்கல் இன்ஜினீயர். பட்டத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வருமே, உங்கள் மகளைக் கேட்டால் ஒப்பிக்கக்கூடும். மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயன் இன்மை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் போட்ட அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்று ஏஐ எழுதித் தரும் கடிதத்தைத் திருத்தலாம், அவ்வளவு பொருந்தும். குன்றக் கூறலும் அதில் உண்டு: நாலு பத்தி இருக்கும், சொல்ல வேண்டிய ஒன்று இருக்காது.

சுமாரான கடிதம், சுமாரான அறிக்கை எழுதிப் பிழைத்தவர்களுக்கு ஏஐ வந்தபின் கஷ்டம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அது எழுதியது சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில் முந்தைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். அவற்றில் பல தீர்ப்புகள் உலகத்தில் எங்கும் இல்லை. சாட்ஜிபிடி கற்பனையாகத் தயாரித்துக் கொடுத்தவை. எடுத்துப் படித்துப் பார்க்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். காசு போனது பெரிதில்லை, உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. யார் சொன்னது, மூலம் எங்கே, நேரில் பார்த்தாயா என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒழுங்கான ஆசிரியர் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அது.

இதைப் பள்ளிப் பாடத்தில் வந்த ஒன்றை வைத்தே காட்டுகிறேன். உத்தரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை. தேர்வுக்கு ஐந்து மார்க் விடை: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள், சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள், வேட்பாளருக்குக் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் போட்டியிட முடியாது. வாட்ஸ்அப்பில் வந்தால் இதுவே ‘உலகின் முதல் ஜனநாயகம்’ ஆகிவிடும்.

கல்லூரியில் இதே கல்வெட்டைச் சரியாகப் படித்தால் வேறு கேள்விகள் கிளம்பும். அங்கே இருப்பது இரண்டு கல்வெட்டுகள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் இன்னொன்று. சுமாராக 919, 921. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே வருடத்தில் விதியை ஏன் மாற்றினார்கள்? இளைஞர்களால் ஏதாவது வம்பு வந்ததா, அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் முரண்டு பிடித்தார்களா? கல்வெட்டில் இருப்பது எது, நாம் ஊகிப்பது எது? இது பிராமணர் ஊரின் சபை. நிலமும் வேதப் படிப்பும் தகுதி. அப்படியானால் ஊரில் எத்தனை பேர் இந்தக் குடத்துக்கு வெளியே நின்றிருப்பார்கள்? கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரர்களையும் சேர்த்து விலக்கியிருக்கிறார்கள் என்றால், முன்பு சொந்தக்காரனை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்து நடத்தியவர்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? (உள்ளாட்சித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.)

இந்தக் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு இரண்டு பக்கம் எழுதச் சொல்லி, ஆசிரியர் அதைப் படித்து, ‘இது கல்வெட்டில் எங்கே இருக்கிறது?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை 11 மணிக்கும் 2 மணிக்கும் உள்ள முரணைக் கண்டுபிடிப்பாள். சட்ட அலுவலகம், பத்திரிகை, அரசுப் பணி, வங்கி, எங்கள் மாதிரி நிறுவனம், எங்கே போனாலும் இது செலாவணியாகும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு மட்டும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. நம் குரூப் 1 முதன்மைத் தேர்விலும் விரிவாக எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நான் சொன்ன அந்த ‘திருப்பிக் கொடுத்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல கல்லூரிகளில் கலைப் படிப்பு என்ன லட்சணத்தில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது, தேர்வுக்கு முந்தின வாரம் கைடு வாங்குவது, முக்கிய வினாக்களை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்வது. மூன்று வருடத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுதாமலே முதல் வகுப்பில் தேறிவிடலாம். அப்படிப்பட்ட பி.ஏ.வைப் பற்றித்தான் கேட்டார் என்றால் உங்கள் மைத்துனர் சொல்வதே சரி.

ஆகவே இன்ஜினீயரிங்கா வரலாறா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதை விட, எந்தக் கல்லூரி என்பதில் நேரம் செலவழியுங்கள். மதுரை உங்களுக்குப் பக்கம். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் தொடங்கிய லேடி டோக் மகளிர் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி எல்லாம் அங்கே இருக்கின்றன. கடையை ஒரு நாள் யாரிடமாவது விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் வாருங்கள். முதல்வர் அறையில் கிடைக்கும் தகவல் கையேட்டிலேயே இருக்கும். கேன்டீன் பக்கம் போய் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகளைப் பிடியுங்கள். உங்கள் மகள் பேசட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். ‘கடைசியாக எழுதிக் கொடுத்த அசைன்மென்ட் திரும்பி வந்ததா? அதில் என்ன குறித்திருந்தார்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். மார்க்கும் கையெழுத்தும் மட்டும்தான் என்றால் யோசிக்க வேண்டும். நூலகத்தில் மாணவர்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாமா என்று பாருங்கள். வரலாற்றுத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் அருமையான ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அவர்களை மட்டுமே நம்பி ஒரு துறை ஓடினால் நடு வருடத்தில் பாடம் அந்தரத்தில் நிற்கும்.

லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் போட்டே நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன: ஹரியானாவில் அசோகா, பெங்களூரில் அசிம் பிரேம்ஜி, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் கிரியா. பாடங்களைக் கலந்து படிக்கலாம், எழுத்துக்கென்றே தனி வகுப்புகளும் உண்டு. செலவு நம் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவு அதிகம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், அதனால் விண்ணப்பிப்பதில் தயக்கம் வேண்டாம். உதவித்தொகை கிடைக்காவிட்டால் கடையை அடகு வைத்துச் சேர்க்காதீர்கள். அந்தப் படிப்பு அந்தக் கடனுக்கு ஈடில்லை என்பது என் எண்ணம்.

அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் மிகக் குறைவு. எந்தப் பட்டப்படிப்பு சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அதைப் புத்தகத்துக்கென்று விட்டுவிடுங்கள், வீட்டுச் செலவில் சேர்க்க வேண்டாம்.

கணினி அறிவியல் படித்த பிள்ளை அதைக் கைவிடக் கூடாது. 2022இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. ஒன்று நேரடி வகுப்பு, மற்றொன்று ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐஐடி மெட்ராஸ் டேட்டா சயின்ஸில் ஆன்லைன் பட்டம் நடத்துகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. முதல் வருடமே இரண்டையும் தலையில் ஏற்ற வேண்டாம். கல்லூரி பழகட்டும், அப்புறம் பார்க்கலாம். தரவைப் படிக்கவும் தெரிந்து, அது என்ன சொல்கிறது என்று எழுதவும் தெரிந்தவர்களை நாங்கள் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். தமிழில் தெளிவாக எழுதுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுத வருவதற்குப் பயிற்சி போதும். தமிழிலேயே குழப்பமாக எழுதுகிறவர்களுக்கு எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் உதவாது. காலேஜ் திறக்கும் வரை ஒரு வேலை கொடுங்கள். செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பு வருமே: ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால் கீழ்க்கண்ட பகுதிகளில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும்.’ அதை உங்கள் கடை வாசலில் ஒட்டுவதற்கு இரண்டே வரியில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ‘நாளை காலை 9 முதல் மாலை 5 வரை நம் தெருவில் கரன்ட் இருக்காது. பைப் வெட்ட வேண்டியவர்கள் இன்றே வந்துவிடுங்கள்.’ இரண்டாவது வரி அறிவிப்பில் இல்லை, கடைக்கு வருகிறவருக்கு வேண்டியது அது. அந்த வரி அவளுக்குத் தானாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். தினமும் ஒன்று.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் பின்வாங்குவேன். ஏன் வரலாறு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏஐ கூடாது, உங்கள் முன்னால் உட்கார்ந்து எழுதட்டும். எந்தக் காலம், எந்த ஊர், எது தெரிந்துகொள்ள ஆசை என்று ஏதாவது அதில் இருந்தால் விட்டுவிடுங்கள், படிக்கட்டும். கணக்கு கஷ்டமாக இருக்கிறது, இன்ஜினீயரிங்கில் அரியர் வைத்துவிடுவேனோ என்று பயம் என்பதுதான் அடியில் தெரிகிறது என்றால், வரலாறு அதற்கு மருந்தில்லை. அந்தப் பயத்தைப் பற்றி முதலில் பேசுங்கள்.

எதுவானாலும் பொறியியல் கலந்தாய்வுக்கும், அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் சேர்க்கைக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஒன்றுக்குப் போட்டால் மற்றொன்று தடைபடாது. சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே சீக்கிரம் வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் போக வேண்டியிருக்கும்.